நிலம் விற்ற பணம் – 14: கரூரில் பிறந்த வங்கியும் 45-ஆம் பிரிவும்

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று நாள். கார்த்திகை பிறந்து இரண்டு நாள். அன்று மாலை 6 மணி முதல் லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் எவரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டது. ஒரு மாதத்துக்கு, அதாவது டிசம்பர் 16 வரைக்கும் இந்தத் தடை. மருத்துவச் செலவு, மேற்படிப்பு, கல்யாணம் போன்ற அவசரங்களுக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு 5 லட்சம் வரை எடுக்கலாம். வங்கியின் இயக்குநர் குழு அதிகாரம் இழந்தது. கனரா வங்கியின் முன்னாள் தலைவர் டி.என். மனோகரன் நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கவிழ்ந்தபோது அதை நிமிர்த்த அரசு அனுப்பிய குழுவிலும் இருந்தவர் அவர்.

94 ஆண்டு வயதான தமிழ்நாட்டு வங்கி ஒன்று ஒரு மாலைப் பொழுதில் இன்னொருவர் கைக்குப் போனது.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்–வடகால் பக்கத்துத் தொழிற்பேட்டைகளின் கதை சொல்லும் தொடரில் கரூர் வங்கி எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்களின் கையில் வந்த தொகையையும், 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது விருப்ப ஓய்வில் போனவர்கள் வாங்கிய தொகையையும் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வீடு கட்டியதும் வண்டி வாங்கியதும் போக மிஞ்சியது பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியின் வைப்புநிதியில் உட்கார்ந்திருக்கிறது. வயல் போன பிறகு அந்த எஃப்டி ரசீதுதான் குடும்பத்தின் வயல். அந்த வங்கி விழுந்தால் சாவி யார் கைக்குப் போகும், பணம் எத்தனை நாளில் வரும், நஷ்டம் யார் தலையில் விடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் நம் காலத்தில் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்தது லட்சுமி விலாஸ் வங்கியில்தான். அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே.

1926 நவம்பரில் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் இன்னும் ஆறு வணிகர்களும் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. அமராவதிக் கரை ஊரின் கடைக்காரர்கள், நெசவுத் தொழில் செய்தவர்கள், சுற்றுவட்டார விவசாயிகள் ஆகியோர்தான் அதன் முதல் வாடிக்கையாளர்கள். அதே ஊரில் பத்தாண்டு முன்னதாகவே, 1916-இல், கரூர் வைஸ்யா வங்கி தொடங்கப்பட்டிருந்தது. கும்பகோணத்தில் 1904-இல் ஒன்று, தூத்துக்குடியில் 1921-இல் ஒன்று என்று தமிழ்நாட்டின் சின்னஞ்சிறு வணிக ஊர்களில் வங்கிகள் முளைத்த காலம் அது. கடன் கேட்டு வருபவரின் அப்பாவையும் தாத்தாவையும் மேனேஜருக்குத் தெரியும். கடையில் சரக்கு இருக்கிறதா, ஆடியில் வியாபாரம் எப்படி என்பதும் தெரியும். பெரிய இடத்து வங்கிகளுக்கு இல்லாத இந்த அறிவுதான் இவற்றின் உண்மையான மூலதனமாக இருந்தது என்பது என் எண்ணம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் வந்த சில மாதங்களிலேயே, அதே ஆண்டு அக்டோபரில், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அந்தச் சட்டத்தின் கீழ் நாட்டில் முதலில் பதிவான நகரக் கூட்டுறவுச் சங்கம் அது. அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் அருகே உள்ள திரூரில் அதற்கும் முன்பே, ஆகஸ்டில், விவசாயக் கடன் சங்கம் பதிவாகியிருந்தது. ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு, இரண்டு முன்னோடிகள். நம் பகுதியின் வரலாறு என்றால் ஹூண்டாயில் தொடங்குபவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சங்கங்கள் பிறந்து இரண்டே ஆண்டில், 1906 அக்டோபர் 22-ஆம் தேதி திங்கட்கிழமை, சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனியின் கதவு திறக்கவில்லை. மாகாணம் முழுவதிலிருந்தும் டெபாசிட் வாங்கிய கம்பெனி. ஓய்வூதியம் போட்டவர்கள், விதவைகள், கோவில்கள், பண்ணைக்காரர்கள் எனப் பல்லாயிரம் பேரின் பணம் உள்ளே. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அதன் லண்டன் பங்காளி மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சொத்துகளும் கணக்குப் புத்தகங்களும் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனி கைக்குப் போயின. அவர் சொத்தை விற்று, கடன்காரர் பட்டியல் போட்டு, கிடைத்ததைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அன்றைய சட்டம் அறிந்த வழி அது ஒன்றுதான். டெபாசிட் போட்ட பாட்டியும் கம்பெனிக்குத் தாள் விற்ற கடைக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 1907-இல் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. போட்டவர்களுக்குப் போட்ட பணம் முழுதாகக் கிடைக்கவில்லை. கடன்காரர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கியைத் திறந்தது அந்தக் காயத்திலிருந்து வந்த நல்ல விளைவு. ஆனால் விழுந்த வங்கியை என்ன செய்வது என்பதற்கு மட்டும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு வேறு வழி பிறக்கவில்லை. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தபோதும் கலைப்பு, கோர்ட்டு, காத்திருப்பு என்றுதான் போயிற்று.

வழி பிறந்தது 1960-இல். அதற்கும் ஒரு சிறு ஊர் வங்கி விழ வேண்டியிருந்தது. கேரளத்தில் பாலா என்ற ஊரில் 1927-இல் தொடங்கிய பாலா சென்ட்ரல் வங்கி, ரப்பர், மலைத்தோட்டப் பணத்தில் வளர்ந்து அந்த மாநிலத்தின் மிகப் பெரிய வங்கியாகியிருந்தது. 1960 ஆகஸ்ட் 8 அன்று ரிசர்வ் வங்கி கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதைக் கலைக்கும்படி கேட்டது. உடனே அலுவலர் ஒருவர் பொறுப்பேற்றார். அன்றே கதவு மூடியது. போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். பயம் பக்கத்து வங்கிகளுக்கும் பரவி, நன்றாக நடந்துகொண்டிருந்தவற்றிலும் மக்கள் பணமெடுக்கத் திரண்டார்கள். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன.

அந்தக் கொதிப்பில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. முதலாவது, வங்கிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுக்கு அதே ஆண்டு வந்த திருத்தம். நோய்வாய்ப்பட்ட வங்கியைக் கலைக்க நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டால் மத்திய அரசு சில மாதங்களுக்குப் பணம் எடுக்கத் தடை போடலாம். அந்த இடைவெளியில் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் தீட்டி அந்த வங்கியை நல்ல நிலையில் இருக்கும் இன்னொன்றோடு இணைத்துவிடலாம். பங்குதாரர்களின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, 1961-ஆம் ஆண்டு வைப்புநிதிக் காப்பீட்டுச் சட்டம். 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய்க்குக் காப்பீடு. அந்தத் தொகை மெல்ல ஏறி 1993-இல் ஒரு லட்சமாயிற்று. அதன் பிறகு 27 ஆண்டு அசையவே இல்லை. 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சமாக உயர்ந்தது. இதைப் படிக்கும் நிலம் கொடுத்த குடும்பத்தார் கவனிக்க வேண்டிய இடம் இது: 5 லட்சம் என்பது ஒரு ரசீதுக்கு அல்ல, ஒருவர் ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் வைத்திருக்கும் மொத்தத்துக்கும், வட்டி உட்பட. நாற்பது லட்சத்தை ஒரே பெயரில் ஒரே வங்கியில் பத்து ரசீதாகப் பிரித்துப் போட்டாலும் காப்பீடு 5 லட்சம்தான்.

45-ஆம் பிரிவு கையில் வந்ததும் ரிசர்வ் வங்கி தயங்கவில்லை. 1951-இல் 566 வணிக வங்கிகள் இருந்த நாட்டில் 1969-இல் மிஞ்சியவை 89. தாமாக இணைந்தவை கொஞ்சம், இணைக்கப்பட்டவை கொஞ்சம், மூடியவை கொஞ்சம். கரூர் வங்கிக்கு அது வளர்ச்சிக் காலம். 1958-இல் ரிசர்வ் வங்கியின் உரிமமும் பட்டியல் வங்கி என்ற தகுதியும் கிடைத்திருந்தன. 1961 முதல் 1965 வரை ஒன்பது சிறு வங்கிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சிறியவை தனியே நிற்க முடியாத காலத்தில், பெயர் இழந்த அந்த ஒன்பது வங்கிகளின் டெபாசிட்காரர்களுக்கு லட்சுமி விலாஸ்தான் கூரையாயிற்று.

அடுத்த நாற்பது ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறு கடன், நகைக் கடன், நெசவுக்காரருக்குக் கடன் என்று வங்கி தன் போக்கில் நடந்தது. கணக்குகள் பெரிய சத்தமில்லாமல் வந்து போயின. ஒரு வங்கிக்கு இதைவிட நல்ல வாழ்க்கை வேண்டுமா?

வினை 2010-களின் நடுவில் தொடங்கியது. வேகமாகப் பெரிதாக வேண்டும் என்ற ஆசையில் வங்கி பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போயிற்று. கரூர்க் கடைக்காரரின் சரக்கை அறிந்தவர்களுக்கு டெல்லி, மும்பைக் குழுமங்களின் கணக்குகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. விளைவை எண்களே சொல்லும். 2017 மார்ச்சில் வங்கியின் மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம், அந்த ஆண்டு சுமார் 256 கோடி லாபம். 2018 மார்ச்சில் வாராக்கடன் ஏறக்குறைய 10 சதவீதம், 2019-இல் 15, 2020-இல் 25-ஐத் தாண்டியது. மூன்றே ஆண்டில், கொடுத்த ஒவ்வொரு நான்கு ரூபாயிலும் ஒரு ரூபாய் திரும்பாத கடன். நஷ்டமும் அதே கணக்கில் பெருகியது: 2017–18-இல் 585 கோடி, அடுத்த ஆண்டு 894 கோடி, அதற்கடுத்து 836 கோடி.

இந்த வீழ்ச்சியில் அதிகம் பேசப்பட்டது ரெலிகேர் ஃபின்வெஸ்ட் விவகாரம். அந்த நிறுவனம் வங்கியில் 794 கோடி ரூபாயை வைப்புநிதியாகப் போட்டிருந்தது. ரெலிகேரின் அப்போதைய உரிமையாளர்களோடு தொடர்புடைய ஆர்எச்சி ஹோல்டிங், ரான்கெம் என்ற இரண்டு கம்பெனிகளுக்கு வங்கி கடன் கொடுத்தது. கடன் திரும்பாதபோது வங்கி அந்த வைப்புநிதியைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டது. நாங்கள் அதை ஈடாகக் கொடுக்கவே இல்லை என்று ரெலிகேர் டெல்லியில் வழக்குக்கும் போலீசுக்கும் போயிற்று. 2019 செப்டம்பரில் டெல்லி போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வங்கியின் இயக்குநர்கள் மீது வழக்குப் பதிந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி தன் உடனடித் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வங்கியைச் சேர்த்தது. பெரிய கடன், புதுக் கிளை, பங்காதாயம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு.

இடையில் இரண்டு கைகள் நீண்டன. 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணைவதாக அறிவித்தார்கள்; அக்டோபர் 9-இல் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. 2020-இல் கிளிக்ஸ் கேப்பிட்டலோடு பேச்சு நடந்தது, முடிவு எட்டவில்லை. அதற்குள் மக்கள் வாசலைவிட்டு நகரத் தொடங்கியிருந்தார்கள். 2019 மார்ச்சில் 29,000 கோடிக்கு மேல் இருந்த டெபாசிட் 2020 செப்டம்பரில் 21,000 கோடிக்குக் கீழே வந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதி ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கி மூன்று இயக்குநர் கொண்ட குழுவிடம் அன்றாட நிர்வாகத்தைக் கொடுத்தது. அந்த மாத இறுதியில் மூலதனப் போதுமை விகிதம் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 2.85 சதவீதத்தில் நின்றது. பங்குதாரர் பணம் தீர்ந்து, டெபாசிட்காரர் பணத்தைத் தொடும் இடத்துக்கு வங்கி வந்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள்.

மீண்டும் நவம்பர் 17. தடை உத்தரவு வந்த அதே மாலை ரிசர்வ் வங்கி வரைவுத் திட்டத்தையும் வெளியிட்டது: டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. சிங்கப்பூர் அரசு 1968-இல் தொடங்கிய வளர்ச்சி வங்கியின் வாரிசு அது. இந்தியாவில் அதற்கு அப்போது முப்பதை ஒட்டிய கிளைகளே. லட்சுமி விலாஸுக்கு 563. மறுநாள் மனோகரன் நிருபர்களிடம் டெபாசிட் சுமார் 20,000 கோடி, கொடுத்த கடன் சுமார் 17,000 கோடி என்று கணக்குச் சொல்லி, யார் பணமும் போகாது என்றார். மறுப்பும் யோசனையும் சொல்ல நவம்பர் 20 மாலை 5 மணி வரை அவகாசம். 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இணைப்பு நடைமுறைக்கு வந்து தடை நீங்கியது. டிபிஎஸ் 2,500 கோடி மூலதனம் போட்டது. ஊழியர்கள் அதே ஊதியத்தில் தொடர்ந்தார்கள். விழுந்த இந்திய வங்கி ஒன்றை வெளிநாட்டு வங்கியிடம் ரிசர்வ் வங்கி ஒப்படைத்தது அதுவே முதல் முறை.

பத்து நாள். இந்த எண்ணின் அருமை தெரிய வேண்டுமானால் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியைப் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் அங்கே தடை வந்தபோது முதலில் எடுக்க அனுமதித்தது வெறும் 1,000 ரூபாய். அந்த வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியோடு சேர்ந்தது 2022 ஜனவரியில். அப்போதும் 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதம் தவணையில்தான், பத்தாண்டு வரை. அர்பத்நாட் வாசலில் நின்றவர்களுக்கும் பாலா வாசலில் நின்றவர்களுக்கும் கிடைக்காத ஒன்றைக் கரூர் வங்கியின் வாடிக்கையாளர் 2020-இல் பெற்றார் என்றால், அது அந்தப் பழைய மக்கள் இழந்த பணத்தில் எழுதிய சட்டத்தால் வந்தது. எழுபது வயது மனுஷி ஒருத்தி பத்து நாள் கவலையோடு தப்பித்தாள் என்பதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

ஆனால் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். திட்டத்தின் ஒரு வரி, வங்கியின் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்படும் என்றது. பங்குகள் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்களில் 318 கோடியும் துடைத்தெறியப்பட்டது. வங்கியை நிறுவியவர்களின் வாரிசுகளிடம் அப்போது இருந்த பங்கு ஏழு சதவீதத்தைக்கூட எட்டாது. மீதத்தில் பெரிய முதலீட்டாளர்களும் உண்டு, ஊர் வங்கி என்ற நம்பிக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த சிறு பங்குதாரர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே விடை: பூச்சியம்.

பங்கு வாங்கியவர் நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு ஒப்பாதது வேறு. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி தள்ளாடியபோது ஸ்டேட் வங்கி முன்வந்து மூலதனம் போட்டது. பழைய பங்குதாரரின் பங்கில் முக்கால் பகுதி மூன்றாண்டு விற்க முடியாமல் முடக்கப்பட்டதே தவிர அழிக்கப்படவில்லை. மும்பையின் பெரிய வங்கிக்கு ஒரு வழி, கரூர் வங்கிக்கு ஒரு வழி. யெஸ் வங்கி விழுந்தால் சந்தையே ஆடும், இது விழுந்தால் ஆடாது என்பதைத் தவிர இதற்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை. 563 கிளைகளும் லட்சக்கணக்கான வாடிக்கையாளரும் 94 ஆண்டு உறவும் ஒரு பங்குக்கு ஒரு பைசாகூடப் பெறாது என்ற கணக்கை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதைப் பங்குதாரர்கள் முன் வைத்திருக்க வேண்டும். மூன்று நாள் அவகாசத்தில் அது நடக்காது. பங்குதாரர்கள் மும்பை, சென்னை உயர்நீதிமன்றங்களின் படியேறினார்கள். அதனால் இணைப்பு நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரூர் வைஸ்யா வங்கி இன்றும் கரூரில் நிற்கிறது. அதே ஊர், அதே சந்தை, ஏறக்குறைய அதே வயது. சிறு ஊர் வங்கி என்றாலே விழும் என்று தடைக்குப் பிறகு பேசியவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

45-ஆம் பிரிவு வங்கிக்கு மட்டும்தான். வங்கி என்ற பெயரில்லாமல் டெபாசிட் வாங்கும் கம்பெனி விழுந்தால் அந்தக் கேடயம் கிடையாது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில், ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் மக்கள் போட்ட தொகை 2,438 கோடி என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு கணக்கிட்டது. 2022-இல் சோதனை நடந்தபோது ரிசர்வ் வங்கியின் திட்டமும் இல்லை, காப்பீட்டின் 5 லட்சமும் இல்லை, பத்து நாளில் வந்து நிற்கும் வாங்கும் வங்கியும் இல்லை. அங்கே வேலை செய்வது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வருவாய்த்துறை அதிகாரி சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவு பெற்று, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். 1906-இல் அஃபிஷியல் அசைனி செய்த அதே வேலை. அந்தச் சட்டம் எப்படி வந்தது, அதன் கீழ் பணம் திரும்ப எத்தனை ஆண்டாகிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)